858 டெராபைட்: தொட்டியும் குழாயும்

2025 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு எட்டேகால் மணி வாக்கில், தென் கொரியாவின் தேஜொன் நகரிலுள்ள தேசியத் தகவல் வள மையத்தின் ஐந்தாவது மாடியில் தீப்பிடித்தது. அந்நாட்டு அரசாங்கத்தின் கணினிகளில் பெரும்பகுதி குடியிருக்கும் கட்டடங்களில் ஒன்று அது. சர்வர்களுக்குப் பக்கத்திலேயே லித்தியம் மின்கலங்கள் இருப்பது ஆபத்து என்று அவற்றைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையின்போதுதான் பற்றிக்கொண்டது. வீட்டில் திருடு போய்விடும் என்று பயந்து நகையை வங்கி லாக்கருக்கு எடுத்துப் போகிற வழியில் பறிகொடுத்த கதை. தீ முழுதாக அணைய மறுநாள் மாலையாகிவிட்டது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின. அவற்றில் 96 அமைப்புகள் நெருப்பிலேயே நேரடியாகச் சிக்கியவை. கொரியர்களின் அறுவடைத் திருநாளான சூசொக் நெருங்கிக்கொண்டிருந்த வாரம் வேறு. அஞ்சலகச் சேவையிலிருந்து கைபேசி அடையாள அட்டை வரை முடங்கின.

இவையெல்லாம் மெல்ல மெல்லத் திரும்ப வந்தன. திரும்பாதது ஒன்று உண்டு. அதன் பெயர் ஜி-டிரைவ். அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைப் போட்டு வைக்கும் பொதுக் கிடங்கு. ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம். ஏறத்தாழ ஏழரை லட்சம் ஊழியர்கள் பயன்படுத்தலாம் என்று ஏற்பாடு. மேசைக் கணினியில் எதையும் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் இதில் வையுங்கள் என்று 2018இல் வழிகாட்டுதலும் வந்தது. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்த துறைகள்தாம் அதிகம் இழந்தன. பணியாளர் மேலாண்மை அமைச்சகம் தன் ஊழியர் எல்லோரையும் அதில் மட்டுமே வைக்கச் சொல்லியிருந்தது. எரிந்தது 858 டெராபைட். காப்பு நகல் இல்லை. கடைசி ஒரு மாதத்தில் மேசைக் கணினியில் தற்செயலாகத் தங்கியவை, மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியவை, அச்செடுத்து வைத்த தாள்கள் என்று பொறுக்கிச் சேர்க்க வேண்டியதாயிற்று. மேலதிகாரியின் ஒப்புதலுக்கு முறைப்படி போன ஆவணங்கள் வேறொரு அமைப்பில் இருந்ததால் தப்பின.

மற்ற பல அமைப்புகளுக்கு நகல் இருந்ததே, இதற்கு மட்டும் ஏன் இல்லை? உள்துறை அமைச்சகத்தின் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கத்தின் சாரம் இது: ஜி-டிரைவ் பெரிய கொள்ளளவும் குறைந்த செயல்திறனும் கொண்ட சேமிப்பு அமைப்பு, ஆகவே வெளியே நகலெடுக்க இயலவில்லை.

செய்தியைப் படித்த பலர் இதைச் சப்பைக்கட்டு என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிழைப்பே மெய்நிகர் கணினிகளுக்குச் சேமிப்பகம் திட்டமிடுவதுதான். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் தொழிலின் மிகப் பழைய தவறு முழுதாக உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

மெய்நிகர் கணினி என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சர்வருக்குள் ஐம்பது அறுபது கணினிகள் இருப்பதுபோல மென்பொருளால் பாவனை செய்வது. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டிருக்கும். அதன் ஹார்ட் டிஸ்க் என்பதும் பாவனைதான். உண்மையில் அது எங்கோ ஒரு சேமிப்புக் கணுவில், அதாவது வட்டுகள் நிரம்பிய இன்னொரு சர்வரில், ஒரு பெரிய கோப்பாக இருக்கும். இப்படி நான்கைந்து கணுக்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகளைத் தாங்கும். ஜி-டிரைவ் மெய்நிகர் கணினிகளுக்கானதல்ல, கோப்புக் கிடங்கு. ஆனால் இரண்டிலும் கணக்குப் போடுகிறவர் தவறுவது ஒரே இடத்தில்தான்.

இந்தக் கணக்கைப் பல வருடங்களாகப் பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களே போடவில்லை. விஎம்வேர் மென்பொருள், அதற்கேற்ற சேமிப்புப் பெட்டி, விற்பவரே எழுதித் தரும் கணக்கு என்று காலம் ஓடியது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களை விற்பது நின்றது. இனி சந்தா மட்டும். கட்டணம் பல மடங்கு ஏறியதைக் கண்ட சிறிய, நடுத்தர நிறுவனங்கள் மாற்று தேடத் தொடங்கின. வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ், அதனுடன் செஃப் என்ற திறமூலச் சேமிப்பு மென்பொருள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. செஃப், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் சேஜ் வெய்ல் என்ற மாணவரின் முனைவர் பட்ட ஆய்வாகப் பிறந்தது. அருமையான மென்பொருள்தான். ஆனால் இதுவரை பெட்டியை விற்றவர் போட்ட கணக்கை இனி நாமே போட வேண்டும். அங்கேதான் என்னைப்போன்ற ஆட்கள் நுழைகிறோம்.

கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மொத்தம் எத்தனை டெராபைட்? ஊரில் வீடு கட்டும்போது மொட்டை மாடியில் எத்தனை லிட்டர் தொட்டி என்று கேட்கிறோம் அல்லவா, அதேபோல. காலை ஆறரை மணிக்கு நான்கு குடித்தனமும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் யாருக்குத் தண்ணீர் வரும் என்பதைத் தொட்டியின் அளவு சொல்லாது. குழாயின் விட்டம்தான் சொல்லும்.

கணக்கைப் பாருங்கள். 200 மெய்நிகர் கணினிகள். ஆளுக்கு 100 ஜிகாபைட் என்றால் 20 டெராபைட். பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் மூன்று பிரதியாக வைப்பது செஃப்பின் வழக்கம். ஆக 60 டெராபைட். இன்று 20 டெராபைட் வட்டு சாதாரணமாகக் கிடைக்கிறது. மூன்று வட்டு வாங்கினால் போதும், ஆளுக்கொரு பிரதி!

இப்போது குழாயின் பக்கம் வருவோம். ஒரு நொடிக்கு எத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும் என்பதை எங்கள் தொழிலில் ஐயாப்ஸ் என்போம். மெய்நிகர் கணினிகள் பல சேர்ந்து கேட்கும்போது வேண்டுகோள்கள் வட்டின் எல்லா மூலைக்கும் சிதறி வரும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. வேண்டிய இடம் முனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி நொடி. முனை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னும் எட்டு. ஆகப் பன்னிரண்டு சொச்சம். நொடிக்கு 80 முறை, அவ்வளவுதான். இருபது வருடங்களில் வட்டின் கொள்ளளவு நூறு மடங்குபோலப் பெருகிவிட்டது. இந்த 80 மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, ஏனென்றால் இது மின்னணுவியல் அல்ல, உலோகத் தட்டு சுற்றும் வேகம். தொட்டி ஏரியாகிவிட்டது, குழாய் பழைய அரை அங்குலக் குழாய்தான்.

நம் 200 கணினிகளும் சராசரியாக நொடிக்கு 25 முறை கேட்கின்றன என்று வைப்போம். மொத்தம் 5,000. அதில் 3,500 படிப்பது, 1,500 எழுதுவது. ஒவ்வோர் எழுத்தும் மூன்று இடத்தில் நிகழ வேண்டும் என்பதால் அது 4,500. ஆக 8,000. எண்பதால் வகுத்தால் நூறு வட்டு. கொள்ளளவுக்கு மூன்று போதும், வேகத்துக்கு நூறு வேண்டும். இரண்டு விடைகளும் சரியானவை. கேட்ட கேள்விதான் வேறு.

சுழலாத வட்டு, அதாவது எஸ்எஸ்டி, இந்தப் பிரச்சினையை ஒரே அடியில் தீர்த்துவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், அட்டைப்பெட்டியில் 90,000 ஐயாப்ஸ் என்று அச்சிட்டிருந்ததை நம்பி, மடிக்கணினிகளுக்கான மலிவு எஸ்எஸ்டிகளை வாங்கும்படி எழுதிக் கொடுத்தேன். சோதனையில் பறந்தன. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் பிரிவினர் மொத்தமாக உள்ளே வந்ததும் நொடிக்குச் சில நூறு எழுத்துகளுக்கு மேல் நகரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. தரவுத்தளம் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் எழுதிவிட்டு, "நிஜமாகவே எழுதியாயிற்றா? மின்சாரம் போனாலும் இருக்குமா?" என்று கேட்கும். தரவு மையங்களுக்கான எஸ்எஸ்டியில் சின்னஞ்சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் சக்தி உண்டு. அந்தத் துணிச்சலில் அது உடனே ஆமாம் என்று சொல்லும். மலிவு வட்டுக்கு அந்தத் தேக்கி இல்லை. ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். பெட்டியில் அச்சிட்ட எண் பொய்யல்ல. அந்தக் கேள்வியைக் கேட்காமல் எடுத்த எண், அவ்வளவுதான். வட்டுகளை மாற்றச் செலவிட்ட பணத்தைப் பற்றி யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

அடுத்தது சராசரி என்னும் மாயை. முதுகலையில் வரிசைக் கோட்பாடு என்று ஒரு பாடம் இருந்தது. கோபன்ஹேகனின் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், 1909இல் தொடங்கி வைத்த கணிதம். தேர்வோடு மறந்துவிடலாம் என்று நினைத்த பாடம்தான் இப்போது சோறு போடுகிறது. ரேஷன் கடையில் ஒரு ஆள் சாமான் போடுகிறார். அவர் பாதி நேரம் வேலையாக இருந்தால், எளிய மாதிரியின்படி, நீங்கள் நின்று வாங்கி வெளியே வர ஆகும் நேரம் இரட்டிப்பு. எண்பது சதவீதம் வேலையாக இருந்தால் ஐந்து மடங்கு. தொண்ணூறில் பத்து. தொண்ணூற்றைந்தில் இருபது. நிர்வாகிகளுக்குத் தொண்ணூறு சதவீதப் பயன்பாடு என்றால் காசு வீணாகவில்லை என்று அர்த்தம். வரிசையில் நிற்பவனுக்கு வேறு அர்த்தம்.

நான்கு கணுக்கள் தலா எழுபது சதவீதம் வேலையாக இருக்கின்றன என்று வையுங்கள். நிம்மதியான நிலைமைபோலத் தெரியும். ஒன்று செத்தால் மிச்சம் மூன்றும் தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்குப் போகும். தாமதம் மூன்று மடங்கிலிருந்து பதினைந்து மடங்காகத் தாவும். அதோடு நிற்காது. இறந்த கணுவிலிருந்த பிரதிகளை மற்ற மூன்றும் மீண்டும் உருவாக்க வேண்டும், அந்த வேலையும் இதே வரிசையில் வந்து நிற்கும். ஆகவே கணக்குப் போட வேண்டியது சாதாரண நாளுக்கல்ல, ஒன்று செத்த நாளுக்கு.

கொள்ளளவும் அப்படியே. நான்கு கணுக்கள், தலா 40 டெராபைட், மொத்தம் 160. ஒன்று போனாலும் எல்லாப் பிரதிகளும் மிச்சத்தில் அடங்க வேண்டுமானால் 120ஐத்தான் கணக்கில் எடுக்கலாம். செஃப் 85 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கும், 95இல் எழுதவே விடாமல் நிறுத்திவிடும். ஆகவே 85இல் கோடு போட்டால் 102. மூன்று பிரதியால் வகுத்தால் 34. இந்த எண்ணை ஒரு கூட்டத்தில் சொன்னபோது நிதிப் பிரிவுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "160 டெராபைட்டுக்குப் பணம் கட்டி 34ஐப் பயன்படுத்தப் போகிறோமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கோபப்பட்டதில் தவறில்லை. அந்த 126 எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே காட்டாதது என் தவறு. 2025இன் இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் பசியால் நினைவகச் சில்லுகளும் எஸ்எஸ்டிகளும் விலை ஏறியபின் இந்த உரையாடல் இன்னும் கசப்பாகிவிட்டது. செஃப்பில் ஒவ்வொரு வட்டுக்கும் 4 ஜிகாபைட் நினைவகம் என்பது இயல்பான ஒதுக்கீடு. வட்டு வாங்கினால் அதோடு முடிவதில்லை.

இந்தக் கசப்பிலிருந்து தப்பக் கண்டுபிடித்த வழிதான், இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்லிக் கொடுப்பது. ஜி-டிரைவையே பாருங்கள். ஏழரை லட்சம் பேருக்குத் தலா 30 ஜிகாபைட் என்றால் வாக்களித்த இடம் 22,500 டெராபைட். நிரம்பியிருந்தது 858. இதில் மோசடி ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான், நானும் செய்கிறேன். எல்லோரும் ஒரே நாளில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே வங்கியும் நடக்கிறது. ஆனால் கொடுத்த வாக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று யாராவது ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி அந்த விளக்கத்துக்குத் திரும்புகிறேன். 858 டெராபைட் என்பது 20 டெராபைட் வட்டுகள் 43. அறுபது வட்டு கொள்ளும் சர்வர் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. ஒரே பெட்டியில் அடங்கும். வெறும் வட்டுகளின் விலை ஒரு நடுத்தரக் காரின் விலையைத் தாண்டாது. அரசாங்கக் கொள்முதல் அத்தனை எளிதல்ல, இரண்டாவது இடம், இணைப்பு, பாதுகாப்பு, ஆள் என்று செலவு ஏறும். இருந்தாலும் பெரிய கொள்ளளவு என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. நொடிக்கு 10 ஜிகாபிட் செல்லும் இணைப்பில் முழுவதையும் அனுப்ப எட்டு நாள். பாதி வேகமே கிடைத்தாலும் பதினாறு நாள். முதல் நகலுக்கு அது பெரிய விஷயமல்ல. அதன்பின் தினமும் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். ஒரு சதவீதம் மாறுகிறது என்று வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்.

அப்படியானால் என்னதான் தடை? அந்த அமைப்பின் உள்கட்டமைப்பு எனக்குத் தெரியாது, ஆகவே இது பொதுவான கணக்கு. மாறியதை மட்டும் அனுப்ப வேண்டுமானால் எது மாறியது என்று தெரிய வேண்டும். எழுதும்போதே அதைக் குறித்து வைக்கும் வசதி அமைப்பில் இல்லையென்றால், தினமும் ஒவ்வொரு கோப்பாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கோப்பு சராசரியாக 1 மெகாபைட் என்றால் 85 கோடியே 80 லட்சம் கோப்புகள். நொடிக்கு 80 என்ற அதே பழைய வட்டுகளில் நூறு சேர்ந்து வேறு வேலையே செய்யாமல் தட்டினாலும் முப்பது மணி நேரம் ஆகும். இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான் கிடங்கு சும்மா இருக்கும். எட்டு மணி நேர இரவில் முப்பது மணி நேர வேலை அடங்காது. பெரிய கொள்ளளவு, குறைந்த செயல்திறன், ஆகவே நகலெடுக்க இயலவில்லை என்பது எங்கள் மொழியில் பெயர்த்தால் இப்படி ஒரு காட்சியாகத்தான் இருக்க முடியும். அது சப்பைக்கட்டு அல்ல, பொறியியல் உண்மை. ஆனால் கிடங்கு எரிந்த நாளில் உண்டான உண்மை அல்ல, வாங்கிய நாளிலேயே உண்டானது. தொட்டியைப் பெரிதாகவும் குழாயைச் சிறிதாகவும் வைத்துக் கட்டியபோதே, இதைக் காலி செய்ய வழியில்லை என்பதும் சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது.

மெய்நிகர் கணினிகளின் சேமிப்பகத்தில் இந்த விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். வட்டே ஒரு பெரிய கோப்பு என்பதால், அதில் எந்தெந்தத் துண்டு மாறியது என்று எழுதும்போதே குறித்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. கோடிக்கணக்கான கதவுகளைத் தட்ட வேண்டாம். ஆனால் நகல் எங்கே உட்காருகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று ஃபிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பணம் கட்டிக் காப்பு நகல் எடுத்திருந்த சில வாடிக்கையாளர்களின் நகலும் அதே கட்டடத்தில் இருந்து எரிந்தது. வழக்கு நீதிமன்றம் போய், 2023இல் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பும் வந்தது. இழப்பீடு கிடைத்தது, தரவு கிடைக்கவில்லை.

தேஜொன் செய்திக்குப் பிறகு என் திட்டத் தாளில் டெராபைட் என்ற முதல் வரியைக் கீழே தள்ளிவிட்டு, மேலே ஒரு வரி சேர்த்தேன்: இந்தக் கட்டடம் இன்றிரவு இல்லாமல் போனால், எல்லாம் மீண்டும் ஓட எத்தனை மணி நேரம்? பழைய சேமிப்பகம் ஒன்றுக்கு அந்த இடத்தை நிரப்ப முயன்றபோது கையில் எண் இல்லை. காப்பு நகல் தினமும் எடுத்துக்கொண்டிருந்தோம், பச்சை விளக்கு தினமும் எரிந்தது, முழுதாக மீட்டுப் பார்த்தது ஒருமுறைகூட இல்லை. ஒரு வாரக் கடைசியில் இரண்டு பேர் உட்கார்ந்து மீட்டுப் பார்த்தோம். ஒன்பது மணி நேரம் ஆகும் என்று நான் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தேன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத்தான் கடைசிக் கணினி எழுந்தது. நாற்பத்தொரு மணி நேரம். கண்ணாடியைத் துடைத்த அதே மனிதருக்கு அந்த எண்ணை அனுப்பினேன். திங்களன்று அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது, இதைப் பன்னிரண்டு மணி நேரமாக்க என்ன செலவாகும் என்று. அந்தக் கணக்கைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்.